ஒரு சென்டிமீட்டருக்கு ஐம்பது

போன செவ்வாய்க்கிழமை கிளினிக்கில், புதிதாக வந்திருக்கும் டாக்டரம்மா என் வரைபடத்தை மேசையில் விரித்துப் பார்த்தார்.

"அழகா இருக்கு, அங்கிள்."

இருக்காதா? இரண்டு வருஷமாக என் மனைவி ஆரோக்கியத்தின் ரத்தப் பரிசோதனை முடிவுகளைக் கட்டம் போட்ட தாளில் நானே புள்ளி வைத்துக் கோடு இழுக்கிறேன். எட்டுப் பரிசோதனை, மூன்று பொருள், இருபத்துநான்கு புள்ளி. சீனிக்குச் சிவப்பு, கொழுப்புக்குப் பச்சை. கிரியேட்டினின் என்று ஒன்று — அதற்குப் பென்சில் போதும் என்று விட்டுவிட்டேன்.

"என் ரத்தத்துக்கு ஜாதகம் எழுதறாரு, டாக்டர்" என்றாள் ஆரோக்கியம். "சிவப்புக் கோடு ஏறினா அந்த மாசம் எனக்கு மீ கோரெங் நூடுல்ஸ் கிடையாது."

சிவப்புக் கோடு இருபத்தாறு கட்டம் இறங்கியிருந்தது. அதற்காக அவள் விட்டுக்கொடுத்த பரோட்டா எத்தனை? அந்தக் கணக்கும் என்னிடம் உண்டு.

அவள் மருந்து வாங்க வெளியே போனாள். டாக்டரம்மாவின் விரல் தாளின் அடியில் கிடந்த பென்சில் கோட்டில் வந்து நின்றது.

"இது?"

"கிட்னிக்குப் பார்க்கிறது. அது அசையவே இல்லை, டாக்டர்."

"நம்பரைச் சொல்லுங்க."

எனக்கு மனப்பாடம். "சைபர் பாயிண்ட் ஒன்பது... ஒண்ணு பாயிண்ட் நாலு... ரெண்டு... ரெண்டு பாயிண்ட் ஏழு."

வாயால் சொன்னபோதுதான் என் காதுக்கே கேட்டது.

"மூணு மடங்கு, அங்கிள். சீனிக்குப் போட்ட அளவிலேயே இதையும் போட்டிருக்கீங்க. ஒரு சென்டிமீட்டருக்கு ஐம்பதுன்னா இது எப்படித் தெரியும் லா?"

எப்படித் தெரியும்? நூற்றுக்கணக்கில் ஓடுவதும் ஒன்று இரண்டில் ஊர்வதும் ஒரே அளவுகோலில்! மலையை வரைந்துவிட்டு அதன் அடியில் எறும்பைத் தேடாமல் இருந்துவிட்டேன். நான் எண்ணாத நாள் இல்லை. எண்ணி என்ன?

"கிட்னி ரொம்பப் பழுதாயிடுச்சு. திரும்பாது. ஆன்ட்டிகிட்ட நான் சொல்லவா?"

"நானே சொல்றேன்."

வீட்டுக்கு வந்து பென்சில் கோட்டுக்குத் தனித் தாள் போட்டேன், தனி அளவில். பதினெட்டுக் கட்டம்... லிஃப்ட் மாதிரி மேலே போயிற்று.

ஆரோக்கியம் தோளுக்குப் பின்னால் வந்து எட்டிப் பார்த்தாள். "இது ஏறுதேங்க. நல்லதுதானே?"

"நல்லதுதான்" என்றேன்.

இதை நான் எழுதி அச்சாகும் இந்த ஞாயிறு, எங்கள் வீட்டுக்கு மட்டும் பேப்பர் வராது. கோயிலில் அவளைப் பார்க்கிறவர்கள், தயவுசெய்து, சீனி இறங்கியதை மட்டும் பேசுங்கள்.