மாமா ஊற்றிய தண்ணீர்

எனக்கு வாய் நீளம். ஒன்பது வயதில் இன்னும் நீளம். லிங்கிப் பக்கத்தில் எங்கள் ரப்பர் தோட்டத்தைச் சுற்றி வெள்ளைக்காரன் முள்வேலி போட்டிருந்த அவசரகாலம் அது. கம்யூனிஸ்டுகள் ரோட்டோரம் பதுங்கியிருந்து சுடுவார்கள் என்பதால், எங்கள் கத்தோலிக்கச் சாமியார் மாதத்துக்கு ஒரு தடவை ராணுவ லோரியில் வந்து பூசை முடித்துவிட்டு அதே லோரியில் திரும்பிவிடுவார்.

அண்ணன் செத்து நான்கு மாதம் ஆகியிருந்தது. ஸ்பெஷல் கான்ஸ்டபிளாக இருந்தவன்; பால்வெட்டுக்குப் போன ஆட்களுக்குத் துணையாகப் போன இடத்தில் வயிற்றில் குண்டு பாய்ந்தது. நல்லவேளை, உயிர் போவதற்குள் சாமியார் வந்து அவஸ்தைப்பூசுதல் கொடுத்துவிட்டார். எம்புள்ள எண்ணெய் பூசிக்கிட்டுத்தான் போனான் என்று அம்மா வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவாள். அதை வைத்துத்தான் அவள் சோறு தின்றுகொண்டிருந்தாள் என்று இப்போது தெரிகிறது.

அந்த மாதம் எனக்குப் புதுநன்மை; முதல் தடவையாகப் பூசையில் அப்பம் வாங்கப்போகிறேன். ஞானஸ்நானம் எப்படிக் கொடுப்பார்கள் என்று சாமியார் பிள்ளைகளிடம் கேட்டார். சும்மா இருந்திருக்கலாம். விட்டேனா? எங்கள் வீட்டில் கேட்டுக் கேட்டுப் பாடமாகிப்போன கதையை எழுந்து நின்று ஒப்பித்தேன். ஜப்பான்காரன் காலத்தில், அப்பாவைச் சயாம் ரயில் வேலைக்குப் பிடித்துக்கொண்டு போன பிறகு, நாங்கள் வேதத்தில் சேர்ந்தோம். அப்போது சாமியார் வர வழியில்லை; தோட்டத்தில் வேதம் சொல்லிக்கொடுத்த உபதேசியார்தான் கொடுக்க வேண்டும். காது குத்துவதும் மொட்டை போடுவதும் தாய்மாமன் மடியில், தண்ணீர் மட்டும் அடுத்தவன் கையாலா என்று மாமா முறுக்கிக்கொண்டாராம். உபதேசியார் இறங்கிவந்து செபத்தை மட்டும் சொல்ல, அம்மா தலையிலும் அண்ணன் தலையிலும் கைக்குழந்தையான என் தலையிலும் மாமாதான் ஊற்றினாராம்.

சாமியாரின் முகம் செத்துப்போனது. அம்மாவைக் கூப்பிட்டுவிட்டார். ஊற்றுகிறவர் வாயாலேயே சொல்லவும் வேண்டும். கை ஒருவருடையது, வாய் இன்னொருவருடையது என்றால் அது ஞானஸ்நானமே ஆகாது. அது ஆகாவிட்டால் அதன் பிறகு செய்த பாவசங்கீர்த்தனம், வாங்கிய நன்மை எதுவும் சேராது. மெதுவாகத்தான் சொன்னார். இன்றைக்கே புதிதாகக் கொடுத்துவிடலாம், பயப்படாதீர்கள் என்றார்.

"அப்ப பெரியவனுக்குப் பூசின எண்ணெய், சாமி?"

"அவன் மனசு ஆண்டவருக்குத் தெரியும், அம்மா. அவர் கைவிட மாட்டார்."

"நான் எண்ணெயக் கேட்டேன். அது சேந்துச்சா, இல்லையா?"

அந்த நல்ல மனிதருக்குப் பொய் சொல்ல வரவில்லை. இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினார்.

முதலில் எனக்குக் கொடுத்தார். அவரே சொன்னார், அவரே ஊற்றினார். இரண்டாம் தடவை குளிப்பாட்டுகிறார்கள் என்று எனக்கு ஒரே பெருமை. அடுத்து அம்மா. அவள் இருந்த இடத்தைவிட்டு எழுந்திருக்கவில்லை.

"எம்புள்ளைக்கு எந்தத் தண்ணியோ எனக்கும் அதே போதும், சாமி. அவன் எங்க இருக்கானோ அங்கதான் நானும் போவணும்."

மாமா அவள் காலில் விழாத குறையாகக் கெஞ்சினார். பாவம், அவரும் அன்றைக்குத்தான் உடைந்துபோனார். அம்மா மசியவில்லை. சாகும்வரை ஒரு பூசை தவறாமல் கோவிலுக்கு வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள். நன்மை வாங்க ஒருநாளும் முன்னால் வரவில்லை. எல்லாம் என் வாயால் வந்தது, என்மேல் உள்ள கோபத்தில்தான் வராமல் இருக்கிறாள் என்று நினைத்து, நான் நன்மை வாங்கித் திரும்பும்போது அவள் முகத்தைப் பார்க்கமாட்டேன். அண்ணனைத் தனியாக விட மனமில்லாமல் அங்கே உட்கார்ந்திருக்கிறாள் என்பது எனக்கு அப்போது புரியவில்லை.