எப்பவும் தலை சுத்தும்

அவளுக்குப் பட்டப்பெயர் 'அப்புறம்'. யார் எதைச் சொல்ல ஆரம்பித்தாலும் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு "அப்புறம்?" என்பாள். பக்கத்து வீட்டுக்காரி மாமியார் சண்டையைச் சொன்னாலும் அப்புறம், கடைக்காரர் மூட்டுவலியைச் சொன்னாலும் அப்புறம். பெயர் வைத்தவர் அவள் புருஷன். பஸ் டிரைவர். பகலெல்லாம் வாயை மூடிக்கொண்டு ரோட்டைப் பார்ப்பதால், வீட்டுக்கு வந்ததும் யாரிடமாவது கொட்டித் தீர்க்க வேண்டும் அவருக்கு. ஆக, ஜோடிப் பொருத்தம் பிரமாதம்.

இப்படிப்பட்டவளுக்கு வாய்த்த வேலையைப் பாருங்கள். போனில் மொழிபெயர்ப்பு. வெளிநாடு போன இடத்தில் உடம்புக்கு முடியாமல் போகிறவர்கள், பயணக் காப்பீடு எடுத்த கம்பெனியைக் கூப்பிடுவார்கள். அவர்களுக்குத் தமிழ் மட்டும்தான் வரும், கம்பெனிக்காரர்களுக்குத் தமிழ் வராது. நடுவில் இவள். துணி அலமாரிக்கும் இஸ்திரி மேசைக்கும் இடையே நாற்காலி போட்டு, காதில் ஹெட்போனோடு உட்கார்ந்திருப்பாள். மடித்து வைத்த துணி எதிரொலியை விழுங்கிவிடும் என்பது அவளே கண்டுபிடித்தது.

சொன்னதைச் சொன்னபடி சொல்ல வேண்டும். கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது. பேசுகிறவர் 'நான்' என்றால் இவளும் 'நான்' என்றே சொல்ல வேண்டும். அதனால் காலையில் இவளுக்குச் சிறுநீரகக் கல் வந்திருக்கும், மத்தியானம் கால் முறிந்திருக்கும். அதெல்லாம் பழகிவிட்டது. பழகாத விஷயம் ஒன்றுதான். பேசி முடித்ததும் லைன் போய்விடும். கல் கரைந்ததா, கால் கூடியதா என்று யாரிடமும் கேட்க முடியாது. ஒவ்வொரு நாளும் பாதிக் கதைகளோடு எழுந்து வருவாள், பாவம்.

அன்றைக்கு லைனில் வந்தவர் ஒரு புருஷன். சுற்றுலா போன ஊரில், ஒரு பெரிய கட்டடத்தின் படிக்கட்டில் அவர் மனைவி மயங்கி விழுந்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் சேர்த்தாயிற்று. இதயத் துடிப்பு நடுநடுவே நின்று நின்று வருகிறதாம், நெஞ்சில் பேஸ்மேக்கர் வைக்க வேண்டுமாம். செலவை ஏற்றுக்கொள்கிறோம் என்று காப்பீட்டுக் கம்பெனி சொன்னால்தான் ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டு போவார்கள். கிளம்புவதற்கு முன்பே இருந்த நோய் என்றால் கம்பெனி கையை விரித்துவிடும்.

அதிகாரி ஒரு பெண்மணி. கறாரான குரல். இதற்கு முன்னால் இப்படி வந்ததுண்டா என்று கேட்டார். இவள் அதைத் தமிழில் கேட்டாள்.

"அவளுக்கு எப்பவும் தலை சுத்தும்ங்க" என்றார் அவர்.

சொன்னபடி சொன்னாள். எதிர்முனையில் தட்டச்சுச் சத்தம் வேகமெடுத்தது. எவ்வளவு காலமாக?

"கல்யாணம் ஆன நாள்லேருந்து." சொல்லிவிட்டு ஒரு சின்னச் சிரிப்பு. அந்நிய இடத்தில் பயந்துபோன ஆண்பிள்ளை சிரிக்கிற சிரிப்பு.

வாய் வரை வந்த வாக்கியம் இவளுக்கு அங்கேயே நின்றுவிட்டது. அப்படியே சொன்னால் காரியம் கெட்டது. சொல்லாமல் விட்டால் வேலைக்கே உலை. ஆனால் பொருள் புரியாவிட்டால் ஒரு விளக்கம் கேட்டுக்கொள்ளலாம் என்று விதியிலேயே இடம் உண்டு. அதிகாரியிடம் முறைப்படி அனுமதி வாங்கிக்கொண்டு தமிழுக்கு வந்தாள். அந்தப் பெண்ணைக் காப்பாற்றக் கேட்டாளா, கதை கேட்கிற ஆசையில் கேட்டாளா என்றால் அவளுக்கே தெரியாது.

"எப்பவும் தலை சுத்தும்னு சொன்னீங்களே, அது எப்படி?"

"ஐயோ, அது பேச்சுக்குச் சொல்றதும்மா! எங்க அக்கா வர்றாங்கன்னா தலை சுத்துதும்பா. அலமாரியைத் திறந்தா தலை சுத்துதும்பா. உங்களைக் கட்டிக்கிட்ட நாள்லேருந்து எனக்குத் தலை சுத்துதுன்னு ஊரெல்லாம் சொல்லுவா. நானும் அதையேதான்..."

அக்காவையும் அலமாரியையும் விடாமல் அதிகாரியின் மொழிக்குக் கொண்டு போனாள். அந்த மொழியில் அக்கா வந்தால் யாருக்கும் தலை சுற்றாது. அதிகாரியின் தட்டச்சுச் சத்தம் நின்றது. அப்புறம், நோயாளியால் பேச முடியுமானால் அவரிடமே கேட்க வேண்டும் என்றார்.

போன் கை மாறியது. மனைவியின் உலர்ந்த குரல் வந்தது. அதிகாரியின் கேள்வியை இவள் தமிழில் கேட்டாள்.

"நிஜமாவே தலை சுத்தி விழுந்திருக்கீங்களா, முன்னாடி?"

"இல்லைங்க. நிஜமா வந்தது இன்னைக்குத்தான்." மூச்சு வாங்கினாள். "படியில வச்சே சொன்னேன், தலை சுத்துதுன்னு. அவரு சிரிச்சிக்கிட்டே மேல ஏறிட்டாரு."

பின்னால் யாரோ மூக்கை உறிஞ்சும் சத்தம். "இனிமே நீ சும்மா சொன்னாலும் நம்புறேன்டி" என்றது புருஷனின் குரல்.

காதில் விழுந்ததையெல்லாம் சொல்ல வேண்டும் என்பதும் விதி. அதையும் சொன்னாள். மறுமுனையில் கறார் குரல் தொண்டையைச் செருமிக்கொண்டு, ஏற்றுக்கொள்கிறோம், இப்போதே ஆஸ்பத்திரிக்குச் சொல்லிவிடுகிறேன் என்றது. அந்த மனிதர் நன்றி சொல்ல ஆரம்பித்தார். பாதியிலேயே லைன் போய்விட்டது.

ஹெட்போனைக் கழற்றாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். தியேட்டருக்குக் கொண்டு போயிருப்பார்களா? விழித்ததும் அவள் முதலில் என்ன சொல்லுவாள்? கேட்க ஆள் இல்லை.

சாயங்காலம் டிரைவர் வந்தார். செருப்பை ஒரு பக்கம் உதறிவிட்டு நாற்காலியில் விழுந்து, தினமும் சொல்வதைச் சொன்னார்.

"அப்பாடா, உசுரு போகுதுடி."

"போறப்ப வீட்டுச் சாவியைக் குடுத்துட்டுப் போங்க" என்பது இவளுடைய வழக்கமான பதில். அது நாக்கு நுனி வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டு எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"எங்க போகுது?"

"என்னது?"

"உசுரு போகுதுன்னு சொன்னீங்களே. எங்க? சும்மாவா, நிஜமாவா?"

"சும்மாதான்டி, பேச்சுக்கு..." என்று சிரித்தார். இவள் சிரிக்கவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தாள். அவர் சிரிப்பு மெல்லக் கரைந்தது. கை தானாக இடது தோளுக்குப் போனது.

"ஸ்டியரிங்கை ஒடிக்கிறப்ப இங்க பிடிக்குது. கொஞ்ச நாளாவே. உன்கிட்ட சொல்லணும்னுதான்..."

அவள் கன்னத்தில் கை வைக்கவில்லை. அந்தக் கையால் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்புறம்?"