சாவிக்காரனும் பவர்கட்டும்

அப்பா இறந்து மூன்று மாதமாகிறது. மூன்று மாதமாக ஒரே கனவு.

வைகையில் தண்ணீர் இல்லை. மணல் வெள்ளையாகக் கிடக்கிறது. மேற்கிலிருந்து பொம்மைகள் நடந்து வருகின்றன. மேளம் கொட்டும் குரங்கு, குரைக்கும் நாய், ஊர்ந்து வந்து சுடும் சிப்பாய். ஆயிரக்கணக்கில். எல்லாவற்றுக்கும் பின்னால் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தோளில் ஆளுயரச் சாவியைச் சாய்த்தபடி அப்பா. நான் கரையில் நிற்கிறேன். என் கழுத்தில் ஈரத்துண்டு. நான்தான் நிறுத்த வேண்டும். ஒரு பொம்மையைத் தூக்கித் திருப்பிப் பார்க்கிறேன். அடியில் ஸ்விட்ச் இல்லை. வழவழவென்று இருக்கிறது. அடுத்ததைத் தூக்குகிறேன். அதிலும் இல்லை.

அந்த இடத்தில் விழித்துவிடுகிறேன்.

அப்பாவின் பெயர் கருத்தக்கண்ணன். மேலூர்ப் பக்கம் பிறந்தவர். விளாங்குடியில் குடியிருந்து, டவுன்ஹால் ரோட்டு நடைபாதையில் இருபத்தெட்டு வருடம் பொம்மை விற்றார். அவர் செய்த எதுவும் பேப்பரில் வரும்படி இல்லை. ஆனால் அவர் ஒரு வில்லன். அதை எழுத என்னைத் தவிர ஆள் கிடையாது.

எனக்கு அப்போது ஆறு வயது. பள்ளி விடுமுறை. அப்பா கடையில் உட்கார்ந்திருந்தேன். கடை என்றால் ஒரு தார்ப்பாயும் ஒரு பாட்டுப் பெட்டியும். அன்று அவர் விற்றது காகித ஆள். கையும் காலும் மடித்து ஒட்டிய காகிதம். பாட்டு ஓடினால் அந்த ஆள் தானாக எழுந்து ஆடும். "உக்காரு ராசா" என்றால் உட்காரும். "எந்திரி ராசா" என்றால் எழும். கோயிலுக்கு வந்த கூட்டம் வாய் பிளந்து நின்றது. நான் குனிந்து பார்த்தேன். வெயிலில் ஒரு கோடு மின்னியது. பாட்டுப் பெட்டியில் தொடங்கி, காகித ஆளின் முதுகு வழியாக, அப்பாவின் கால் கட்டைவிரலில் முடிந்தது.

"அப்பா! ஒங்க கால்ல நூலு!"

கூட்டம் சிரித்தது. கலைந்தது. அடி விழும் என்று நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். அப்பா இரண்டு கையையும் வானத்துக்குத் தூக்கினார்.

"அய்யய்யோ, கண்டுபுடிச்சுட்டாளே! பொம்மைக்கு உசிரு குடுத்து ஒலகத்தப் புடிக்கலாம்னு பாத்தேன், எல்லாத்தையும் கெடுத்துட்டாளே!"

போன கூட்டத்தில் நான்கு பேர் திரும்பி வந்து வாங்கினார்கள்.

வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் விஷயம் முடிவானது. அவர் பெயர் சாவிக்காரன். எனக்கு ஒரு பெயர் வேண்டும்.

"நீ என்னத்தா பண்ணுவ?"

"நிறுத்துவேன்."

"எம்புட்டு பொம்மை வரும் தெரியுமா?"

"அம்புட்டையும் நிறுத்துவேன்."

ஜன்னல் வழியே இருண்டு கிடந்த தெருவைக் காட்டினார். "நம்ம ஊர்ல எல்லாத்தையும் ஒரே நேரத்துல நிறுத்துறது ஒண்ணுதான். ஒம்பேரு பவர்கட்டு."

அது மின்வெட்டுக் காலம். பெயர் பொருத்தமாகத்தான் இருந்தது.

கீழமாசி வீதி மொத்தக் கடையிலிருந்து பெட்டி வரும். ஒரு டஜனில் இரண்டு மூன்று வேலை செய்யாது. விற்ற பிறகு தெரிந்தால் வாங்கியவர் சண்டைக்கு வருவார். அதனால் அப்பா எல்லாவற்றையும் வீட்டிலேயே ஓட்டிப் பார்த்துவிடுவார். சாயங்காலம் விளக்கு வைக்கும் நேரம். சிமெண்ட் தரையில் வரிசையாக வைத்துச் சாவி கொடுப்பார், ஸ்விட்ச் போடுவார். எல்லாம் வாசலை நோக்கிக் கிளம்பும். நிலைப்படிதான் எல்லை.

"நிலையத் தாண்டுனா ஒலகம் எனக்கு!" என்பார் சாவிக்காரன்.

நான் துண்டை நனைத்துக் கழுத்தில் கட்டிக்கொண்டு பாய்வேன். துண்டு ஏன் ஈரமாக இருக்க வேண்டும் என்று யாரும் கேட்டதில்லை. உடைக்கக் கூடாது. உதைக்கக் கூடாது. ஒவ்வொன்றாகத் தூக்கி, ஸ்விட்சைக் கண்டுபிடித்து அணைக்க வேண்டும். எத்தனை நகரவே இல்லை என்று கடைசியில் சொல்ல வேண்டும். அது தரப்பரிசோதனை என்று கல்லூரிக்குப் போன பிறகுதான் எனக்குப் புரிந்தது. சம்பளமில்லாமல் வேலை வாங்கியிருக்கிறார்.

சில நாள் பாதியில் கரண்ட் போய்விடும். தெரு முழுக்க இருட்டு. பொம்மைகள் மட்டும் நிற்காது. குரங்கின் கண் சிவப்பாக, நாயின் கண் பச்சையாகத் தரையெங்கும் மிதக்கும். மேளச் சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறதென்று தெரியாது. வீடு தண்ணீருக்குள் இறங்கிவிட்டது போலிருக்கும். இருட்டுக்குள்ளிருந்து அப்பாவின் குரல் மட்டும் வரும். "என்ன பவர்கட்டு? கரண்டு போனா எம்பயலுகளுக்கு என்ன?"

அம்மா பாண்டியம்மாள் அடுப்படியிலிருந்து கத்துவாள். "அப்பனும் மகளும் ஒலகத்தக் காப்பாத்துனது போதும். தண்ணி லாரி வந்து நிக்குது, கொடத்த எடுங்க!"

பொம்மைகள் நிலைப்படியில் முட்டி, நகர முடியாமல், இருந்த இடத்திலேயே காலை உதைத்துக்கொண்டிருக்கும். ஒரு பொம்மைகூடத் தாண்டியதில்லை. நிலை நான்கு அங்குல உயரம். சாவிக்காரனுக்கு அது தெரிந்துதான் இருந்தது.

நான் இப்போது ஆஸ்பத்திரிக் கருவிகளைப் பழுது பார்க்கிறேன். படிப்பும் அதுதான்.

நான்கு வருடம் முன்னால் அப்பாவின் வலது கை தொடங்கியது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றையொன்று உரசிக்கொண்டே இருந்தன. சாவி திருகுவது போல. நாங்கள் சிரித்தோம். பிறகு குரல் சிறுத்தது. முகம் அசைவதை நிறுத்தியது. பார்க்கின்சன் என்றார்கள். பிறகு கால். வெட்டவெளியில் நடப்பார். நிலைப்படி வந்தால் நின்றுவிடுவார். பாதம் தரையில் ஒட்டிக்கொள்ளும். முழங்கால் மட்டும் நடுங்கும். இருந்த இடத்திலேயே.

முதல் தடவை அதைப் பார்த்தபோது நான் மாடிக்குப் போய்விட்டேன்.

போன வருடம் முனீஸ்வரி அத்தை மகளுக்குக் கல்யாணம் குறித்தார்கள். அத்தை அப்பாவின் ஒரே தங்கை. மேலூரில் மண்டபம். தாய்மாமன் சீர், பிள்ளையார் கோயிலிலிருந்து மேளத்தோடு நடந்து மண்டபத்துக்குள் போக வேண்டும். முகூர்த்தப்பட்டு இருக்கிற முதல் தட்டு தாய்மாமன் கையில். அத்தையின் கணவர் வெள்ளைத்துரை மாமா வீட்டுக்கு வந்து தயங்கித் தயங்கிப் பேசினார்.

"மச்சான், நீங்க முன்னாடியே வந்து சேர்ல உக்காந்துக்கங்க. தட்டச் செல்வி தூக்கட்டும்" என்று என்னைக் காட்டினார்.

"ஏன் மாப்ள, நான் செத்துட்டனா?"

"அதுக்கில்ல மச்சான். வாசல்ல நின்னுட்டீகன்னா அபசகுனம்னு நாலு பேரு பேசுவான். சம்பந்தி வீட்டுக்காரங்க வேற."

"பேசட்டும். எந்தங்கச்சிக்கு நான் ஒருத்தன்தான். தட்டு என் கையிலதான் போகும். நடந்துதான் போகும்." அவ்வளவு சின்னக் குரலில் அவ்வளவு ரோசத்தை நான் கேட்டதில்லை.

மாமா போன பிறகு அப்பா என்னைப் பார்த்தார். "முடியும்ல?"

"முடியும்."

இரண்டு மாதம் இருந்தது. இந்த நோயில் ஒரு விசித்திரம் உண்டு. காலுக்கு முன்னால் ஒரு கோடு தெரிந்தால், அதைத் தாண்டச் சொன்னால், ஒட்டிய கால் எழும். கைத்தடியில் லேசர் வைத்தேன். தடி ஊன்றினால் தரையில் சிவப்புக் கோடு விழும். வீட்டு நிலைப்படியில் நாற்பது தடவை நடக்கவிட்டேன். முப்பத்தாறு தடவை தாண்டினார். பேட்டரி மாற்றினேன். கோணத்தைச் சரி செய்தேன். நாற்பதுக்கு முப்பத்தொன்பது.

கல்யாணத்தன்று காலை பிள்ளையார் கோயில் வாசலில் பட்டும் பூவும் தேங்காயும் வைத்த தட்டை எடுத்து அப்பாவிடம் கொடுத்தார்கள். அவர் தடியை என்னிடம் நீட்டிவிட்டு இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

சீர்த்தட்டை ஒற்றைக் கையால் யாரும் ஏந்துவதில்லை. எனக்குத் தெரியும். நாற்பது தடவை அளவெடுத்தபோது ஒரு தடவைகூட நினைவுக்கு வரவில்லை. நான் காலை மட்டும் பார்த்திருக்கிறேன்.

தடியை நான் பிடித்துக்கொண்டு பக்கத்திலிருந்து கோடு காட்டிப் பார்த்தேன். வெயிலில் எதுவும் தெரியவில்லை. மண்டப வாசல் வரை சிவப்புக் கம்பளம் வேறு.

"விடு செல்வி. மேளம் இருக்குல்ல" என்றார்.

மேளம் கிளம்பியது. அப்பா நடந்தார். தவிலின் ஒவ்வொரு அடிக்கும் ஒரு கால். எனக்கு எல்லாமே மெதுவாகிவிட்டது. சாமந்தி இதழ்கள் விழ மறந்து காற்றில் நின்றன. தூரத்தில், கல் வெட்டி எடுத்த மலை பெட்டி பெட்டியாகத் தெரிந்தது. அதிலிருந்து யாரோ எங்களையெல்லாம் சதுரமாக வெட்டித் தெருவில் நடக்கவிட்டது போல.

மண்டப வாசலில் மேளம் நின்றது. ஆலாத்தி எடுப்பதற்காக. எடுத்தார்கள். பொட்டு வைத்தார்கள். "உள்ள வாங்க" என்றார்கள்.

அப்பா நின்றார்.

பாதம் ஒட்டிவிட்டது. முழங்கால் நடுங்கத் தொடங்கியது. தட்டில் தேங்காய் உருண்டது. வீடியோக்காரர் "சார், ரெண்டு ஸ்டெப் முன்னால" என்றார். பின்னால் யாரோ முணுமுணுத்தார்கள். உள்ளே அத்தை கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். வெள்ளைத்துரை மாமா, "சேரக் கொண்டாங்கப்பா" என்றார்.

அப்பாவின் உதடு அசைந்தது. நான் காதைக் கொண்டுபோனேன்.

"சாவி குடு ஆத்தா."

என் வேலை நிறுத்துவது மட்டும்தான். இருபது வருடமாக அதுதான் என் வேலை. அவரைத் தவிர யாரும் சாவி கொடுத்ததில்லை.

அவர் முதுகுக்குப் பின்னால் போனேன். பட்டுச் சட்டைக்கு மேல், தோள்பட்டைகளுக்கு நடுவே கை வைத்தேன். சம்பந்தி வீடு பார்த்துக்கொண்டிருந்தது. திருகினேன்.

"கிர்ர்ர்."

இன்னொரு முறை. "கிர்ர்ர்."

மூன்றாவது.

வலது கால் எழுந்தது. நிலையைத் தாண்டியது. அடுத்த கால். அடுத்தது. யாரோ குலவை போட்டார்கள். மேளம் மறுபடி பிடித்துக்கொண்டது. நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். சாவிக்காரனின் பொம்மை முதன்முதலாக எல்லையைத் தாண்டி உலகத்துக்குள் போய்க்கொண்டிருந்தது.

பிறகுதான் கவனித்தேன். அடி சிறுத்துக்கொண்டே வந்தது. வேகம் கூடிக்கொண்டே போனது. உடம்பு முன்னால் சாய்ந்தது. இந்த நோயில் கிளம்பத்தான் கஷ்டம் என்றில்லை. கிளம்பினால் நிற்பதும் கஷ்டம். நேர் எதிரே மணமேடையின் படிகள். அத்தை தட்டை வாங்கக் கை நீட்டினாள். அப்பா அவளைக் கடந்து போனார்.

பட்டுச்சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினேன். நாற்காலிகளுக்கு நடுவே புகுந்து, அவருக்கு முன்னால் போய், படிக்கு முதுகைக் காட்டி நின்றேன். வலது கையை நீட்டினேன்.

"பவர்கட்டு!"

மண்டபம் முழுக்கக் கேட்டிருக்கும்.

அப்பாவின் நெஞ்சு என் உள்ளங்கையில் வந்து மோதியது. நின்றது. எங்கள் இருவருக்கும் நடுவே தட்டு. ஒரு பூகூடச் சிந்தவில்லை. சட்டைக்குள் இதயம் அடித்துக்கொண்டிருந்தது. முகம் அப்படியே இருந்தது, கல்லில் செய்தது போல. கண் மட்டும் சிரித்தது.

"நூலக் கண்டுபுடிச்சுட்டியா?" என்றார்.

அத்தை வந்து தட்டை வாங்கிக்கொண்டாள். வாங்கும்போதே அழுதாள். வெள்ளைத்துரை மாமா சம்பந்தியிடம், "எங்க மச்சான் சின்ன வயசுலருந்தே அப்படித்தான், எங்கயும் வேகமாத்தான் போவாரு" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

மத்தியானம் காரில் திரும்பினோம். முன் சீட்டில் அம்மா, "மண்டபத்துல அம்புட்டு பேரு முன்னாடி கத்துறா பாரு, எவன் கட்டுவான் இவள?" என்று டிரைவரிடம் கேட்டுக்கொண்டு வந்தாள். டிரைவர் பாவம், கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். இரண்டு பக்கமும் நாற்று நட்ட வயல். அப்பா என் தோளில் சாய்ந்திருந்தார். அவருடைய வலது கை என் மணிக்கட்டின் மேல் கிடந்தது. விரல்கள் சாவி திருகிக்கொண்டே இருந்தன.

இந்த நடுக்கம் தூக்கத்தில் நின்றுவிடும். அது எனக்குத் தெரியும். யாரும் அணைக்க வேண்டியதில்லை.

ஆனையூர் தாண்டும்போது விரல்கள் நின்றன. அவர் தூங்கிவிட்டார். வீடு வரும்வரை நான் கையை நகர்த்தவில்லை.