நானும் கடுக்காய் மூட்டையும்

அம்மாவுக்கு இடுப்பெலும்பு முறிந்த வருஷம் அந்த வீட்டுக் காரின் உயரம்தான் எங்களுக்குப் பெரிய பேச்சாக இருந்தது. அம்மா என்று நான் சொல்வது என்னைப் பெற்றவளை அல்ல. ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பு வைத்திருந்த ஒரு முதலாளியின் அக்காவை. புருஷன் இறந்த பிறகு அவர் தம்பி வீட்டோடு வந்து இருந்தார். அவருக்குத் துணையாக என்னை வேலைக்கு வைத்திருந்தார்கள். நான் மாதனூர்ப் பக்கத்துக்காரி. என் வீட்டுக்காரர் வேலை தேடி வடக்கே போனார். போனவர் போனவர்தான். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவளுக்கு வேறு என்ன வேலை கிடைக்கும்.

அந்த வீட்டில் பெண்கள் நிறைய. எல்லோரும் உருதில் பேசிக்கொள்வார்கள், சிரிப்பார்கள். எனக்குப் பாதி புரியாது. எதற்குச் சிரிக்கிறார்கள் என்று கேட்கவும் கூச்சம். அம்மா மட்டும் என்னிடம் தமிழில் பேசுவார். அவர் பேசாத நாளில் நான் யாரோடும் பேசாமலே படுத்துவிடுவேன்.

அம்மாவுக்கு ஒரே மகள், பெங்களூரில் கட்டிக்கொடுத்திருந்தது. முதல் பிரசவம் நெருங்கிக்கொண்டிருந்தது. மகளிடம் போய் இருந்துவிட வேண்டும் என்று அம்மாவுக்கு ஒரே தவிப்பு. ரயில் பெட்டியின் படி அவருக்கு ஆகாது. கார்தான் வழி. அம்மா போனால் நானும் கூடப் போவதாகப் பேச்சு. அம்மாவே சொன்னதுதான். அதனால் அவருக்கு இருந்த தவிப்பு எனக்கும் இருந்தது. வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

கார் பழைய சீமைக் கார். அதன் படி முழங்கால் உயரம். வேலூர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் அம்மாவால் அடிபட்ட காலை ஒரு சாண்கூடத் தூக்க முடியவில்லை. முக்காலி போட்டுப் பார்த்தோம், வழுக்கியது. டிரைவர் தொட்டுத் தூக்குவது அந்த வீட்டில் நடக்காத காரியம். அப்போதுதான் முதலாளி, ஆளைத் தூக்க முடியாவிட்டால் காரை இறக்கு என்று சொல்லி, வேலூரிலிருந்து ஒரு மெக்கானிக் பாயை வரவழைத்தார்.

கார் உட்கார்ந்திருப்பது இரும்புத் தகடுகளை அடுக்கிக் கட்டிய வில்மேல். கமான் என்பார்கள். பாய் முதலில் பின்பக்கக் கமான்களில் சில தகடுகளை உருவினார். கார் தாழ்ந்தது. அம்மா சுலபமாக ஏறி உட்கார்ந்தார். மேல்விஷாரத்தில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்வரலாம் என்று கிளம்பினோம். அன்றைக்கு நானும் பின்னால் அவர் பக்கத்தில் இருந்தேன். ரயில்வே கேட்டின் மேட்டில் ஏறி இறங்கும்போது காரின் அடிப்பக்கம் சக்கர அச்சில் போய் மோதியது. அம்மா கத்தவில்லை. என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அங்கிருந்தே திரும்பிவிட்டோம். அதற்கப்புறம் பல நாள் அவரால் திரும்பிப் படுக்க முடியவில்லை. இனி அந்தக் காரில் காலை வைக்க மாட்டேன் என்றுவிட்டார்.

பாய் சும்மா இருக்கவில்லை. மதராஸில் பழைய மிலிட்டரி சாமான் விற்கும் இடத்தில் அலசி, இரண்டு ஜோடி கமான்கள் கொண்டுவந்தார். ஒன்றில் தகடு கம்மி, ஒவ்வொன்றும் தடிமன். இன்னொன்றில் மெல்லிய தகடுகள் ஜாஸ்தி. கமானை அச்சின் மேல் வைக்காமல் கீழே தொங்கவிட்டு மாட்டினால் தகட்டை உருவாமலே கார் தாழும் என்றார். அதோடு குதிப்பை அடக்க ஷாக் அப்சார்பர் என்று நான்கு இரும்புக் கைகளும் வாங்கி வந்திருந்தார். அவற்றின் நட்டை இறுக்கினால் கார் விறைப்பாகும், தளர்த்தினால் தொட்டிலாகும்.

எதை மாட்டுவது, எவ்வளவு இறுக்குவது என்று பார்க்கப் பின் சீட்டில் அம்மாவின் எடை வேண்டும். காரடியில் ஆண்கள் படுத்திருக்கும்போது அம்மா உள்ளே உட்கார மாட்டார். அவர் எடை என்ன என்று யாரும் கேட்கவும் முடியாது. எங்கள் ஊரில் கனமான பொருள் என்றால் கைக்கு முதலில் வருவது தோல்தான். ஷாப்பிலிருந்து உப்புப் போட்ட பச்சைத் தோலைச் சாக்கில் சுற்றி, அம்மா உயரத்துக்கு அடுக்கி வைத்தார்கள். காலையில் அளவு பார்த்து, நட்டை இறுக்கி, சாப்பிடப் போனார்கள். சாயங்காலம் பார்த்தால் காலையில் வைத்த அளவு இல்லை, கார் உயர்ந்திருந்தது. பாய் கமானைத்தான் சந்தேகப்பட்டு இரண்டாம் முறை கழற்றினார். பிறகுதான் கதவைத் திறந்தார்கள். தோலிலிருந்த உப்புத் தண்ணீரெல்லாம் வடிந்து சீட்டில் ஊறி, கீழே சொட்டிப் போயிருந்தது. கனம் குறையக் குறைய காரும் எழும்பியிருக்கிறது. நாற்றம் சொல்லி முடியாது. தோலோடு பிறந்து வளர்ந்த முதலாளியே மூக்கைப் பிடித்துக்கொண்டார். சீட்டை வெயிலில் போட்டுக் கழுவியது நான்.

அதற்கப்புறம்தான் என்னை உட்காரச் சொன்னார்கள். நான் ஒல்லி. அம்மாவின் கனத்துக்குப் போதாது. ஈரமில்லாத சரக்கு எது என்று யோசித்து, தோல் பதனிடப் போடும் கடுக்காயை ஒரு மூட்டை கட்டி என் பக்கத்தில் வைத்தார்கள். அம்மா ஜன்னல் மறைவிலிருந்து பார்த்து, மூட்டையில் இன்னும் கொஞ்சம் போடச் சொல் என்று என்னிடம் சொல்லியனுப்பினார். தன் எடையைப் பற்றி அவர் சொன்னது அவ்வளவுதான்.

காரில் முன் சீட்டுக்கும் பின் சீட்டுக்கும் நடுவில் திரை போட்டிருக்கும். முன்னால் டிரைவரும் பாயும், பின்னால் நானும் மூட்டையும். ரயில்வே கேட்டு மேட்டில் ஏறி இறங்குவார்கள், எப்படி இருக்கிறது என்று பாய் கேட்பார். அந்நிய ஆம்பிளைக்கு என்ன பதில் சொல்வது. வாயே வராது.

"பாய், உள்ள ஆள் இருக்குதா, மூட்டை மட்டுந்தானா?" என்று டிரைவர் கேட்டார்.

"மூட்டைன்னா உருண்டாவது சத்தம் குடுக்கும்பா" என்றார் பாய். "ஏம்மா, நீ சொல்லாட்டி எனக்கு எப்டித் தெரியும்? வலிக்கப் போறது எனக்கா?"

அந்தக் கடைசி வார்த்தைதான் என்னைப் பேச வைத்தது. அம்மா என் கையைப் பிடித்த பிடி நினைவுக்கு வந்தது. "தூக்கிப் போடுது. முதுகுல அடிக்குது" என்றேன். தடித்த கமான் போய் மெல்லிசு வந்தது. "இப்போ அடிக்கல. ஆனா எழும்பி எழும்பி விழுது, நிக்க மாட்டேங்குது" என்றேன். நட்டை இறுக்கினார். அடுத்த நாளும் போனோம், அதற்கடுத்த நாளும். கூச்சம் போகவில்லை, ஆனால் சொல்லத் தெரிந்துவிட்டது. இடது பக்கம் இறுக்கம் ஜாஸ்தி என்றுகூடச் சொன்னேன். பாய் இறங்கிப் பார்த்து, ஆமாம் என்றார். அச்சில் மோதினாலும் உறைக்காமலிருக்கச் செருப்புக்குப் போடும் தடித்த தோலை வெட்டி மெத்தைபோல் கட்டினார். கடைசியில் மேட்டிலிருந்து இறங்கும்போது கார் ஒருமுறை தாழ்ந்து அப்படியே நின்றது.

"இது போதும்" என்றேன். இரவில் அம்மாவிடம் சொன்னபோது, உன் உடம்பை நம்பித்தான் ஏறப்போகிறேன் என்றார். என் துணிகளை ஒரு பையில் எடுத்து வைத்தேன்.

கிளம்பும் அன்று காலையில் அம்மா தானாகவே ஏறி உட்கார்ந்தார். முதலாளி முன்னால் ஏறினார். சாமானெல்லாம் ரயிலில் போய்விட்டது. அம்மா பக்கத்து இடத்தைத் தட்டி, வா என்றார். நான் ஒரு காலை வைத்ததும் பின்பக்கம் இறங்கியது. கீழே குனிந்து பார்த்துக்கொண்டிருந்த பாய் எழுந்தார்.

"ரெண்டு பேர் வேணாம்மா. நீயும் மூட்டையும் சேந்து ஒரு ஆள் கனம், அதுக்குத்தான் வச்சோம். நீயும் ஏறுனா அடி தட்டும். பெங்களூர் வரைக்கும் தட்டிக்கினே போவும்."

இனி அதை மாற்றி அமைக்க நாளில்லை. மகளுக்கு எந்த நேரமும் வலி எடுக்கலாம். அம்மா என்னைப் பார்த்தார். பிறகு உன்னை ரயிலில் அனுப்பச் சொல்கிறேன் என்றார். நான் காலை எடுத்துக்கொண்டேன்.

தெருமுனைவரை போய் நின்றேன். கேட்டு மேட்டில் கார் ஏறி இறங்கியது. ஒருமுறை தாழ்ந்தது, நின்றது. சரியாகத்தான் இருந்தது.

கார் திரும்பி வந்த அன்று டிரைவர் சமையல்கட்டுப் பின்வாசலில் சாப்பிட உட்கார்ந்தார். குழந்தை பிறந்துவிட்டதாம், பையனாம். அம்மா வழியெல்லாம் ஒருதரம்கூட முனகவில்லையாம். மகள் இனி அம்மாவை அனுப்பமாட்டாளாம், துணைக்கு அங்கேயே ஒரு ஆளையும் வைத்துவிட்டார்களாம்.

"நீ சொன்ன இறுக்கம் கரெக்டா இருந்துச்சு, தங்கச்சி" என்றார்.

அம்மா என்னைப் பற்றி ஏதாவது கேட்டாரா என்று கேட்க நாக்குவரை வந்தது. உள்ளே பெண்கள் எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு போட்டேன்.