கோதிக் சார்

வெள்ளறடை போகும் வழியில் இருந்த அந்தச் சின்னச் சபையில் கட்டிடக் கமிட்டிச் செயலாளர் ஆனதும், விஜயதாஸ் சார் முதல் காரியமாக நோக்குகுத்தியை ஒழித்தார். கட்டி முடியாத வீட்டுக்குக் கண்ணேறு படாமலிருக்க, துருத்திய கண்ணும் தொங்கும் நாக்குமாக முன்னால் நிறுத்துவார்களே, அந்தப் பொம்மைதான். கிறிஸ்தவனுக்கு அது ஆகாது, வைப்பவர் யாரும் கமிட்டியில் இருக்கக் கூடாது என்று தீர்மானம் போட்டார். பாதி எழும்பிய வீட்டில் ஒன்று வைத்திருந்த லீலாபாய்க்குக் கமிட்டிப் பதவி போயிற்று.

சார் பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டராக இருந்தவர். பிள்ளைகளுக்குப் பூந்தொட்டி வரையச் சொல்லிக்கொடுத்தே தலை நரைத்தது. ஓய்வுபெற்ற வருடம், ஜெர்மனியில் நர்சாக இருந்த மருமகள் ஒரு காலண்டர் அனுப்பினாள். மாதத்துக்கு ஒரு பேராலயம். ஜனவரியிலேயே சாருக்குப் பித்துப் பிடித்துவிட்டது. அந்தப் பேராலயங்களைப் போலக் கோதிக் பாணியில்தான் புதுக் கோயில் எழும்பும் என்றார். ஐரோப்பாக்காரர்கள் தலைமுறை தலைமுறையாக நின்று கட்டினார்கள். சாருக்கோ பேராயர் பிரதிஷ்டைக்கு வருவதற்குள் வேண்டும். வாசலில் பதிக்கும் மார்பிள் கல்லில் பேராயர் பெயருக்கும் சபை ஆயர் பெயருக்கும் கீழே 'செயலாளர்: விஜயதாஸ்' என்று வரும். நெய்யாற்றின்கரையில் கல்லைக் கொத்தக் கொடுத்தாகிவிட்டது. வாரம் இருமுறை பஸ் ஏறிப் போய்த் தன் பெயரைத் தடவிப் பார்த்துவிட்டு வருவார்.

கூர்வளைவு ஜன்னல்கள் எழும்பின. சுவரை வெளியிலிருந்து தாங்கும் பறக்கும் முட்டுகளும் எழும்பின. "செவரு சாயுதா சாறே? வாழைக்குக் குடுக்குற மாதிரி முட்டு குடுத்திருக்கியளே!" என்று பஸ்ஸிலிருந்தே ஆட்கள் விசாரித்தார்கள். சாரோ, பன்னிரண்டாம் நூற்றாண்டிலும் இப்படித்தான் கேட்டிருப்பார்கள் என்று சமாதானப்பட்டுக்கொண்டார்.

கடைசியாக ஜூலை மாதத்துப் படத்தைக் கொத்தனார் ராஜப்பனிடம் நீட்டினார். கோபுர விளிம்பிலிருந்து கோரமாக எட்டிப் பார்க்கும் ஒரு கல் பூதம்.

"இதே மாதிரி ரெண்டு வேணும்."

ராஜப்பன் படத்தைப் பார்த்தார். பிறகு சாரைப் பார்த்தார். "சாறே, இது நோக்குகுத்தியாக்கும்."

"எலே, இது கார்காயில்! பிரான்சுல எத்தனையோ நூறு வருஷமா கோயிலுக்க மேல இருக்கு. கூரைத் தண்ணி இதுக்க வாய் வழியாத்தான் போகும்."

ராஜப்பனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. தீர்மானம் போட்ட மனுஷன், வெட்கப்பட்டு வெளிநாட்டுப் பெயரில் வைக்கப் பார்க்கிறார். "செரி சாறே," என்று கண்ணடித்தார். "நான் ஒருத்தருகிட்டயும் சொல்லமாட்டேன்."

ஒரு வாரத்தில் சிமென்டில் இரண்டும் தயார். கோபுரத்தில் ஏற்றியதும் சார் கீழே நின்று அண்ணாந்து பார்த்தார். "வாயில என்ன ஆழம்!" என்று உருகினார்.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் லீலாபாய் எழுந்தாள்.

"கோபுரத்துல நிக்கது ரெண்டும் ஆரு சாறே?"

"கார்காயில்."

"எனக்க வீட்டுல நின்னதுக்குக் கூடப்பிறந்தது போல இருக்கே!"

சபை சிரித்தது. ஆயர் தலையைக் குனிந்துகொண்டார்.

"அது சும்மா நிக்கும், இது வேலை செய்யும்," என்றார் சார். "மழை பெய்யட்டு, வாய் வழியா தண்ணி கொட்டும். கொட்டல்லேண்ணா அன்னைக்கே நான் ராஜினாமா!"

இடவப்பாதிப் பருவமழைக்கு அவ்வளவு சொன்னால் போதாதா? அரைமணி நேரத்தில் கொட்டித் தீர்த்தது. சபையே குடையோடு முற்றத்தில் நின்று அண்ணாந்தது. பூதங்கள் பல்லைக் காட்டிக்கொண்டு நனைந்தன. வாயிலிருந்து ஒரு சொட்டு வரவில்லை. போக வழியில்லாத தண்ணீர் கூரையில் நிறைந்து, சுவர் வழியே இறங்கி, ஆயரின் அங்கி அலமாரிக்குள் போனது.

"ராஜப்பா, ஓட்டை எங்கலே?"

"நோக்குகுத்திக்கு எதுக்கு சாறே ஓட்டை? கண்ணேறு உள்ள ஏறிராதா? அதான் வாய்க்குள்ள கறுப்புப் பெயின்ட் அடிச்சேன்."

லீலாபாய்க்கே பாவமாகிவிட்டது. "ராஜினாமா ஒண்ணும் வேண்டாம். இது நோக்குகுத்திதான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. தீர்மானத்த ரத்து பண்ணிருவோம். கல்லுல உங்க பேரும் கெடக்கும்."

ஆயரும் வேகமாகத் தலையாட்டினார். சார் குடைக்கு வெளியே வந்து மேலே பார்த்தார். நெற்றியில் மழை விழுந்தது. கல்லில் செதுக்கிய தன் பெயரின் வளைவுகள் விரல் நுனியில் இன்னும் இருந்தன. ஒரு வார்த்தைதான்.

"கார்காயில்," என்றார். "ஓட்டையில்லாத கார்காயில்."

பிரதிஷ்டை அன்று கல்லில் ஆயர் பெயருக்குக் கீழே சிமென்ட் பூசியிருந்தது. பேராயர் உள்ளே ஜெபித்துக்கொண்டிருக்க, சார் வெளிக் கேட்டில் பேராயரின் டிரைவரைப் பிடித்து நிறுத்தி, கூர்வளைவிலிருந்து தொடங்கி எல்லாம் விளக்கினார். டிரைவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுக் கோபுரத்தைப் பார்த்தார்.

"கொள்ளாம் சாறே. இனி ஒருத்தனுக்க கண்ணும் படாது."