வெள்ளிக்கிழமை அறுந்த லைன்

எனக்கு எழுபத்து நாலு வயது. ஐந்து பேரை வளர்த்தேன். நான்கு பேர் துபாய், சென்னை என்று போய்விட்டார்கள். கடைசி மகள்தான், வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று ஆனதும், தன் பெண்ணோடு கும்பகோணத்துக்குத் திரும்பி வந்தாள். அவளை மறுபடி பஸ் ஏற்றிவிட எனக்கு மனசில்லை.

வாசல் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு வேலை பார்ப்பாள். வெள்ளிக்கிழமை பத்தரைக்குச் சிங்கப்பூர்க்காரர்களோடு மீட்டிங். மூன்று வெள்ளியாக அது பாதியிலேயே அறுந்தது. "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா சென்னை ஆபீஸுக்கே வந்துடுங்க" என்று மேலதிகாரி சொல்லிவிட்டார்.

இணையத்தில் போவதும் வருவதும் சின்னச் சின்னப் பொட்டலமாகத்தான் போகுமாம். அவற்றைப் பிடித்துப் பட்டியல் போடுகிற ஒன்றை மூன்றாம் வெள்ளியன்று கம்ப்யூட்டரில் ஓடவிட்டிருந்தாள். எங்கே அறுகிறது என்று அதில் தெரியுமாம். என்னத்தைத் தெரிந்தது! மீட்டிங் நடக்கும்போது பட்டியல் காலி. அறுந்த பிறகு மடமடவென்று நிரம்பியது.

"என்னடி, தலைகீழா இருக்கு?"

"அதான் எனக்கும் புரியலம்மா. நீ வேற பிராணனை வாங்காதே."

ஒரு வாரம் முழுக்க இதே பாட்டு. சோறு இறங்கவில்லை, தூக்கமில்லை. கடைசியில் ஆபீஸ் தோழி ஒருத்தி போனில் கேட்டாள்: "வைஃபையை மட்டுமா பாத்தீங்க? வயர் சொருகியிருக்கா?"

"இருக்கு. அது சும்மா, அவசரத்துக்கு."

"வயர் இருந்தா அதுலதாங்க போகும். ரெண்டையும் டிக் பண்ணிட்டுப் பிடிங்க."

படித்த பெண், கொல்லைக் கதவைப் பார்த்து உட்கார்ந்துகொண்டு, வாசல் வழியாக வந்துபோகிறவர்களைத் தேடியிருக்கிறாள்!

அடுத்த வெள்ளி பத்து மணிக்கே தோழியோடு பேசி இரண்டு வழியையும் சோதித்துக்கொண்டிருந்தாள். மீட்டிங் நேரத்தில் சத்தம் வேண்டாமே என்று நானும் நிலைப்படி கழுவச் சீக்கிரமே வாளியைத் தூக்கினேன். சற்று நேரத்தில் கதவு திறந்தது. வயர் பட்டியல் நின்றுபோய், அதே நிமிஷம் வைஃபை பட்டியல் ஓடத் தொடங்கியதாம். வெளியே, கூடத்திலிருக்கும் இன்டர்நெட் பெட்டியிலிருந்து பிடுங்கிய வயரும் கையுமாக நான்.

"அம்மா! வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை இதைத்தான் பண்றியா?"

"பின்னே, நிலைப்படி மேல வயரைப் போட்டுக்கிட்டே மஞ்சள் பூசுவாங்களா? கழுவிட்டுத் திருப்பிச் சொருகிடறேனே!"

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"நீதானே கதவைத் தட்டாதேன்னே!"

தலையில் அடித்துக்கொண்டாள். ஒரு வழியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுகிற அந்த நொடியில்தான் மீட்டிங் அறுந்திருக்கிறது. வயரைச் சொருகிக் கொடுத்தேன். அன்றைக்கு மீட்டிங் அறுந்துபோகவில்லை. சென்னைப் பேச்சும் அதோடு போயிற்று. நிலைப்படிக்கு மஞ்சள் பூசுவதை நான் விடவில்லை. அவள்தான் வயரை ஜன்னல் வழியாக மாற்றிக்கொண்டாள்.

இதை எழுத எனக்கு நாலு நாள் ஆயிற்று. பேத்தியைக் கூப்பிட்டிருக்கிறேன். கண்ணு, முதலிலிருந்து வாசி. நான் வயரைப் பிடுங்கிய இடம் வந்தால் மட்டும் குரலைத் தாழ்த்திக்கொள். உள்ளே உன் அம்மா மீட்டிங்கில் இருக்கிறாள்.