முருகேசன் வீட்டுக்குக் கொண்டுபோன தாள்

இன்று நண்பன் முருகேசனோடு ஈப்போ நகரில் உள்ள துப்பாக்கி சுடும் பயிற்சிக் கூடத்துக்குப் போயிருந்தேன்.

போலீஸில் இருந்தபோது குறி தவறாதவன் என்று பெயர் எடுத்தவன். இப்போது சர்க்கரை நோயால் பார்வை மங்கிக்கொண்டே வருகிறது.

பிஸ்டல், ரைஃபிள் இரண்டிலும் சுட்டான். அவனுடைய இலக்குத் தாளில் ஓர் ஓட்டைகூட இல்லை.

"பட்டுச்சா மச்சான்?"

"நல்லா பட்டிருக்கு லா" என்று நான் சுட்ட தாளைக் கொடுத்தேன்.

ஓட்டைகளை விரலால் தடவினான்.

"இது நீ சுட்டதுடா. நான் சுட்டா இப்படிச் சிதறாது."

பிறகு அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "பரவால்ல, வீட்டுல சொல்லிராத" என்றான்.

சற்றுமுன் அவன் மனைவி அந்தத் தாளைப் படமெடுத்து எனக்கு அனுப்பியிருக்கிறார்.

"பாத்தீங்களா அண்ணே, இவருக்குக் கண்ணு நல்லாயிட்டு வருது!"

இன்னும் பதில் போடவில்லை. நீங்களாக இருந்தால் என்ன எழுதுவீர்கள்?